மருவுக்கும் கொரோனா தடுப்பூசிக்கும் முடிச்சுப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா தடுப்பூசி போட்ட பிறகுதான் பிறப்புறுப்பில் மரு வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அதே ஊசியால் பல மாதமாக இருந்த மரு உதிர்ந்துவிட்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேச்சுமே எங்களிடம் வரும் பெண்களைப் பாதிக்கின்றன. முதல் பேச்சை நம்புகிறவர் தடுப்பூசியைத் தவிர்க்கிறார். இரண்டாவதை நம்புகிறவர் 'ஊசி போட்டாயிற்று, தானாகப் போய்விடும்' என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். வீட்டில் சொல்லவே கூச்சப்படும் நோய் இது. தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்தால் போதும், மாதங்கள் ஓடிவிடும். அதனால்தான் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

பிறப்புறுப்பு மருவுக்குக் காரணம் ஹெச்பிவி என்னும் வைரஸ். அதிலும் 6, 11 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 90 சதவீத மருக்களை உண்டாக்குகின்றன. உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இது தொற்றுகிறது. தொற்றியவுடன் மரு வந்துவிடாது. பெரும்பாலும் 2, 3 மாதங்கள் ஆகும். சிலருக்கு 3 வாரத்திலேயே வரும், சிலருக்கு 8 மாதமோ அதற்கு மேலோ கழித்துத்தான் தெரியும். தடுப்பூசி போட்ட பத்தாம் நாள் ஒரு பெண் மருவைக் கவனிக்கிறார் என்றால், வைரஸ் அவர் உடலுக்குள் நுழைந்தது அநேகமாக அந்த ஊசிக்கு வெகு முன்பே. இந்தியாவில் தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. 2022 ஜூலைக்குள் 200 கோடி தவணைகள் போடப்பட்டுவிட்டன. வயதுவந்தோரில் ஏறக்குறைய எல்லோரும் ஊசி போட்டுக்கொண்ட ஒரு காலத்தில், புதிதாக வரும் எந்த நோயும் 'ஊசிக்குப் பிறகு' வந்ததாகத்தான் தோன்றும். மறைவதும் அப்படியே. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சில மாதங்களில் மரு தானாக உதிர்ந்துவிடும் பெண்கள் எப்போதும் உண்டு. அந்தச் சில மாதங்களுக்குள் ஒரு தவணை தடுப்பூசியும் வந்து விழுந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது.

இங்கே போடப்பட்ட கோவிஷீல்டோ கோவேக்சினோ ஹெச்பிவியை உடலுக்குள் கொண்டுவர வழியே இல்லை. கோவேக்சின், கொன்று செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸ். கோவிஷீல்டில் இருப்பது, பெருக முடியாதபடி மாற்றப்பட்ட ஓர் அடினோவைரஸ். கொரோனா வைரஸின் மேற்புறத்தில் முள் போல இருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுக் குறிப்பை மட்டும் அது சுமந்து வருகிறது. இவற்றால் உருவாகும் எதிர்ப்பாற்றல் கொரோனாவைத்தான் குறிவைக்கும். ஹெச்பிவியோ தோலின் மேலடுக்குச் செல்களுக்குள் ஒடுங்கிக்கிடக்கும், ரத்தத்தில் சுற்றாது. அதனால்தான் உடலின் காவல் செல்கள் அதைக் கண்டுபிடிக்கவே இத்தனை நாள் பிடிக்கிறது. தடுப்பூசிக்குப் பின் மரு மறைந்ததாகவும், மாறாகப் புதிதாகத் தோன்றியதாகவும், மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்திருப்பது உண்மை. ஆராய்ந்து பார்க்க வேண்டிய விஷயந்தான். ஆனால் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் சம அளவில் ஒப்பிட்டுப் பார்க்காமல், அத்தகைய குறிப்புகளை வைத்து ஒரு சிகிச்சையைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'மருவுக்கு ஊசி' என்று மூன்று வேறு வேறு ஊசிகளைச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒன்று கொரோனா ஊசி. அதற்கும் மருவுக்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. இன்னொன்று, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா வராமல் குழந்தைகளுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசி மருந்தை மருவுக்குள்ளேயே செலுத்துவது. இருப்பதில் பெரிய மருவைத் தேர்ந்தெடுத்து அதில் 0.3 முதல் 0.5 மில்லி வரை, 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை, மூன்று முதல் ஐந்து தடவை போடுவார்கள். ஊசி குத்திய இடத்தில் கிளம்பும் எதிர்ப்பு, குத்தாத மற்ற மருக்களையும் சேர்த்து உதிர்ப்பது உண்டு. கை, கால் மருக்களில் இதற்குச் சான்று அதிகம். பிறப்புறுப்பு மருவில் குறைவு. எனவே இது முதல் சிகிச்சை ஆகாது. மற்றவை பலிக்காதபோது யோசிக்க வேண்டியது. இதில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் போடவே கூடாது. மூன்றாவது ஹெச்பிவி தடுப்பூசி. அது மரு வராமல் காக்கும். வந்த மருவைக் கரைக்காது.

சிகிச்சையில் இருக்கும் பெண் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? தாராளமாகப் போடலாம். மருவுக்கு அமிலம் வைத்தாலும், அதை உறைய வைத்தாலும், சுட்டு எடுத்தாலும் எந்த இடைவெளியும் தேவையில்லை. மருவுக்கு வீட்டில் தடவும் இமிக்விமாட் என்ற களிம்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிறு யோசனை. இந்தக் களிம்பு சிலருக்குக் காய்ச்சல், உடம்புவலி, அசதியைத் தரும். தடுப்பூசியும் அதையே தரும். இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் பயந்துபோய் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஊசி போட்ட அன்று களிம்பைத் தவிர்த்துவிட்டு, காய்ச்சல் விட்டதும் வழக்கமான அடுத்த நாளில் தொடர்ந்தால் போதும். விட்ட வேளைக்காகச் சேர்த்துத் தடவ வேண்டாம். மருவுக்குள் எம்எம்ஆர் போடுகிறவர்கள் 14 நாள் இடைவெளி விடுவது நல்லது. கொரோனா தடுப்பூசிக்கும் வேறு தடுப்பூசிக்கும் இடையே குறைந்தது இவ்வளவு நாள் என்று நம் சுகாதார அமைச்சகம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. பின்னர் பல நாடுகள் இதைத் தளர்த்திவிட்டன. ஆனாலும் எந்த ஊசியால் என்ன விளைவு என்று பிரித்தறிய அந்த இடைவெளி உதவும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடுப்பூசிக்குப் பின் ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம். தொடையிடுக்கில் நெறி கட்டினால் அதை ஊசியின் தலையில் கட்டாதீர்கள். பிறப்புறுப்பில் வேறு தொற்றோ புண்ணோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இனி சிகிச்சைக்கு வருவோம். முதலில், அது மருதானா என்று உறுதிசெய்ய வேண்டும். யோனி வாயின் உட்புறத்தில் இரு பக்கமும் ஒரே சீராக, மென்மையாக, இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன முனைகள் பல பெண்களுக்கு இயல்பாகவே இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி அடி இருக்கும். மருவோ பல முனைகள் ஒரே அடியிலிருந்து காலிஃபிளவர் போலக் கிளம்பி, ஒழுங்கில்லாமல் பரவும். இந்த வித்தியாசம் தெரியாமல் இயல்பான முனைகளைச் சுட்டு, வடுவும் தீராத எரிச்சலும் உண்டாக்கிய சிகிச்சைகள் நடக்கின்றன. வினிகர் தடவி வெளுக்கிறதா என்று பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. புண், உராய்வு, பூஞ்சைத் தொற்று எல்லாமே வெளுக்கும். தட்டையாக, ஈரமாக, அகலமாக இருப்பவை சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். அதற்கு மருந்து பென்சிலின், அமிலம் அல்ல. ஆகவே மரு என்று வருகிற எல்லோருக்கும் விடிஆர்எல் (சிபிலிஸைக் கண்டறிவது), ஹெச்ஐவி ரத்தப் பரிசோதனைகள் தேவை. கருமை படர்ந்தது, கெட்டியானது, ரத்தம் கசிவது, புண்ணானது, ஒழுங்கான சிகிச்சைக்கும் அசையாதது ஆகியவற்றில் சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வெளியே மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், ஸ்பெகுலம் என்னும் விரிக்கும் கருவியை வைத்து யோனியின் உட்புறம், கருப்பை வாய், கூடவே ஆசனவாய்ச் சுற்றையும் பார்க்க வேண்டும். வெள்ளைப்படுதல் இருந்தால் அதற்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஈரம் மருவை வளர்க்கும். மேலே வைக்கும் மருந்தின் எரிச்சலையும் கூட்டும்.

சிறிய மருக்களுக்கு, செலவு குறைந்த நல்ல மருந்து 80 முதல் 90 சதவீத ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம். மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோதான் வைக்க வேண்டும். இது தண்ணீரைப் போலச் சட்டென்று ஓடிவிடும். பிழை நேர்வதெல்லாம் இங்கேதான். முதலில் இடத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். மருவைச் சுற்றி நல்ல தோலில் வாசலின் தடவ வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை அமிலத்தில் தோய்த்து, பாட்டிலின் விளிம்பில் நன்றாக வடித்துவிட்டு, மருவின் மேல் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். சில விநாடிகளில் அது உறைபனி படர்ந்தாற்போல வெளுக்கும். அந்த வெண்மை வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு சொட்டு ஆழமான புண்ணுக்கு வழி. காயும்வரை அவர் எழுந்திருக்கவோ காலைச் சேர்த்து வைக்கவோ கூடாது. சேர்த்தால் எதிர்ப்பக்கத் தோலும் வெந்துவிடும். எரிச்சல் சில நிமிடங்களில் அடங்கும். பக்கத்தில் வழிந்துவிட்டால் சோப்பு நீரோ ஆப்பசோடாவோ உடனே போட்டு முறிக்க வேண்டும். அதை முன்கூட்டியே மேசையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பாட்டிலையே திறக்க வேண்டும். வாரம் ஒருமுறை வைக்கலாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் பாதிகூடக் குறையவில்லை என்றால் வேறு முறைக்கு மாறுவதே சரி. பலர் இரண்டாம் வாரமே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். 2020, 2021 ஊரடங்குகளில் அவசரமில்லாத வெளிநோயாளர் சிகிச்சைகள் சுருங்கியபோது பாதியில் நின்றவர்களும் உண்டு. பாதியில் நின்றது சிகிச்சையின் தோல்வி அல்ல, மறுபடி தொடங்கலாம்.

உறைய வைப்பது திரவ நைட்ரஜனால். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. மருவைத் தாண்டி 1, 2 மில்லிமீட்டர் வெள்ளை வளையம் வரும்வரை உறைய வைத்து, இளக விட்டு, மறுபடி உறைய வைப்பார்கள். கொப்புளம் வருவது எதிர்பார்த்ததே. யோனிக்குள் உலோகமுனைக் கருவியை வைத்து உறைய வைக்கக் கூடாது. துளை விழும் ஆபத்து உண்டு.

வீட்டில் தடவ இமிக்விமாட் 5 சதவீதக் களிம்பு. வாரம் மூன்று இரவுகள், உதாரணமாகத் திங்கள், புதன், வெள்ளி. படுக்கப்போகுமுன் கையையும் இடத்தையும் கழுவித் துடைத்து, களிம்பு கண்ணுக்குத் தெரியாமல் மறையும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். 6 முதல் 10 மணி நேரம் கழித்து, அதாவது காலையில் எழுந்ததும், சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். அதிகபட்சம் 16 வாரம். யோனிக்குள் போடக் கூடாது. களிம்பு இருக்கும்போது உடலுறவு வேண்டாம்; ஆணுறையையும் அது பலவீனப்படுத்தும். தோல் சிவப்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். தோல் உரிந்து புண்ணாகிச் சிறுநீர் கழிக்கவே எரிந்தால் சில நாள் நிறுத்தி, ஆறியதும் தொடங்கலாம். இதில் அவசரக்காரர்கள் செய்யும் தவறு, தினமும் தடவுவது. பொறுமையில்லாதவர்கள் செய்வது, மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று தூக்கிப் போடுவது. இந்தக் களிம்பு நேரடியாக மருவை எரிப்பதில்லை; அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புகிறது. அதற்கு 8, 12 வாரம்கூட ஆகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. களிம்பு தொடங்கிய நாள்களில் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட பெண்ணுக்கு மரு உதிர்ந்தால், பாராட்டு முதலில் களிம்புக்குத்தான் போக வேண்டும்.

மருவின் மேல் வைக்கும் இன்னொரு மருந்தான போடோபிலின் பற்றி ஓர் எச்சரிக்கை. 10 முதல் 25 சதவீத டிங்சரை மருத்துவமனையில் வைத்து, 1 முதல் 4 மணி நேரத்துக்குள் கழுவிவிட வேண்டும். பாட்டிலை வீட்டுக்கு வாங்கிப்போய் இரவு முழுக்க வைத்துக்கொண்டு வெந்துபோன தோலோடு வருகிறார்கள். அதிகமாக உடலில் ஏறினால் நரம்பையும் பாதிக்கும். இதைவிடச் சுத்தமான, அளவு தெரிந்த போடோபிலாக்சின் 0.5 சதவீதக் கரைசல் இருக்கிறது: காலை, மாலை என மூன்று நாள் தடவி, நான்கு நாள் நிறுத்தி, இப்படி நான்கு சுற்று.

பெரிய மருக்கள், கொத்துக் கொத்தாக இருப்பவை ஆகியவற்றை மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரத்தால் சுட்டோ லேசராலோ எடுப்பது ஒரே அமர்வில் முடியும். தோலின் மேலடுக்கோடு நிற்க வேண்டும். ஆழம் போனால் வடு. அந்தப் புகையில் ஹெச்பிவியின் மரபணுத் துகள் இருக்கும் என்பதால் புகையுறிஞ்சியும் என்95 முகக்கவசமும் கட்டாயம். கொரோனா காலத்தில் பழகிய முகக்கவசத்தை இந்த அறையில் கழற்றிவிடக் கூடாது. பிறகு ஒரு டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, காலையும் மாலையும் 10 நிமிடம் உட்கார்ந்து, ஒற்றித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிய வேண்டும்.

சுண்ணாம்பு, அம்மான் பச்சரிசிப் பால், குதிரைவால் முடி கட்டுவது, காலாணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலம் எதுவும் இந்த இடத்துக்கு ஆகாது. உள்ளங்காலின் தடித்த தோலுக்கு வைக்கும் மருந்து இங்கே சீக்கிரமே புண்ணாக்கிவிடும். சவரமும் வேண்டாம், பிளேடு கீறிய கோடு நெடுக மரு முளைக்கலாம்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் மரு வேகமாக வளரும், எளிதில் ரத்தம் கசியும். அமிலம் வைக்கலாம், உறைய வைக்கலாம், சுட்டும் எடுக்கலாம். போடோபிலின், போடோபிலாக்சின் கூடாது. இமிக்விமாட்டைத் தவிர்க்க வேண்டும். கொரோனா தடுப்பூசி போடலாம். இந்தியாவில் 2021 ஜூலை 2 முதல் கர்ப்பிணிகளுக்கு அனுமதி உண்டு. மருவுக்குள் எம்எம்ஆர் கூடாது. ஹெச்பிவி தடுப்பூசியைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிறப்புப் பாதையை அடைக்கும் அளவுக்கு இருந்தால், அல்லது அதிக ரத்தப்போக்கு ஆகும் என்றால் மட்டும். குழந்தையின் குரல்வளையில் மரு வருவது மிக அரிது.

கொரோனாவின்போது ஸ்டீராய்டு எடுத்துச் சர்க்கரை ஏறியவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள், ஹெச்ஐவியோடு வாழ்கிறவர்கள் ஆகியோருக்கு மரு பிடிவாதமாக இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எத்தனை முறை சுட்டாலும் திரும்பி வரும். இவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி மிகவும் தேவை. மருவின் காரணமாக அல்ல, கொரோனாவே இவர்களை அதிகம் தாக்கும் என்பதால்.

எந்த முறையில் எடுத்தாலும், முதல் மூன்று மாதங்களில் பலருக்குத் திரும்ப வரும். கண்ணுக்குத் தெரியும் மருவைத்தான் எடுக்கிறோம். சுற்றியுள்ள தோலில் வைரஸ் இருக்கலாம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் நம்பிக்கை இழந்து போகமாட்டார்கள். கணவரையும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் வைரஸ் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் அடங்கிக்கிடக்கக் கூடியது. மரு இப்போது வந்திருப்பதை வைத்து யாரிடமிருந்து, எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. மனைவிக்கு மரு என்றதும் வீட்டில் பஞ்சாயத்து வைக்கிறவர்களுக்கு மருத்துவர்கள் இதைக் கணவரை எதிரே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஆணுறை தொற்றைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது.

6, 11 வகை மரு புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 போன்ற வகைகளும் சேர்ந்து தொற்றியிருக்கலாம் என்பதால் 30 வயதைத் தாண்டியவர்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது. இளம் பெண்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. புணேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக், 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரானது: 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15 முதல் 26 வரை மூன்று. வாங்கும்போது 6, 11 வகைகள் அதில் உண்டா என்று கேளுங்கள். 16, 18 மட்டும் உள்ள ஊசி மருவைத் தடுக்காது. 2007இல் மாணவியருக்கு நான்கு வகை ஊசியைத் தொடங்கிய ஆஸ்திரேலியாவில், பால்வினை நோய் மையங்களுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு இருந்தவர்கள் 11.5 சதவீதத்திலிருந்து 2011இல் 0.85 சதவீதமாகக் குறைந்தார்கள். மருவை விரட்டிய தடுப்பூசி எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென இருக்கும் சுகவாழ்வு மையங்களில் இந்தச் சிகிச்சை இலவசம். விவரம் வெளியே போகாது. அங்கே அமிலமும் இமிக்விமாட்டும் தொடர்ந்து இருப்பில் இருக்கவும், பரிசோதனை அறையில் ஒரு பெண் செவிலியராவது எப்போதும் உடன் இருக்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் 'கொரோனா ஊசியால் மரு போகுமா' என்ற கேள்வி வந்தால், போகாது என்பதோடு நிறுத்தாமல், அருகிலுள்ள சுகவாழ்வு மையத்தின் நாளையும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல், பால்வினை நோய் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும்